நல்ல பந்தும் நியாய விலையும்



1964-ஆம் ஆண்டில் நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக் கால்பந்துக் குழுவுக்குப் புதிய பந்து ஒன்று வாங்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் சிறந்த ஆட்டக்காரன் என்பதால் அப்பொறுப்பு வந்துவிடவில்லை. பதினோரு பேரில் ஒருவனாக நிற்கும் தகுதிகூட எனக்குக் கிடையாது. கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குபவன் நான். கணக்குத் தெரிந்தவனைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது என்று எங்கள் குழுத் தலைவன் உறுதியாக நம்பினான். பதினெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவன், குறிப்பேடு வாங்குவதற்காக அவன் தாயார் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த ரூபாயை என்னிடம் தந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

பக்கத்து நகரத்தில் ஒரு கடை. அங்கே இரண்டு பந்துகள் வலையில் இட்டுத் தொங்கவிடப்பட்டிருந்தன. ஒன்று மங்கிய பழுப்பு நிறம். விலை பதினான்கு ரூபாய். மற்றொன்று கண்ணாடி போல மின்னியது. விலை பதினெட்டு ரூபாய். என் பையில் இருந்ததும் சரியாகப் பதினெட்டு ரூபாய்தான். விலை மிகுந்த பொருள் தரத்திலும் மிகுந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்கு ஐயத்துக்கு இடமில்லாத கணக்காகத் தோன்றியது. மின்னிய பந்தை வாங்கிக்கொண்டு பேருந்தில் மடியிலே வைத்தபடி ஊர் திரும்பினேன்.

மூன்று வாரங்களுக்குப் பின் ஐப்பசி மழையில் ஒரு பந்தயம் நடந்தது. முதற்பாதி முடிவதற்குள் பந்தின் மினுமினுப்பு முழுவதும் கரைந்து போயிற்று. தோல் நீரைக் குடித்துக் கருங்கல் போலக் கனத்தது. உருண்டையாக இருந்த பந்து நீண்டு முட்டை வடிவம் பெற்றது. நேராக உதைத்தால் வலப்பக்கம் ஓடியது. இரண்டாம் பாதியில் உயரத்திலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டப் போன ஒருவனுக்கு, பந்தின் வாயைக் கட்டியிருந்த தோல்வார் புருவத்தில் பட்டுக் குருதி வழிந்தது. அவன்தான் அந்தக் குறிப்பேட்டு ரூபாய்க்கு உரியவன். அவனோ, மற்றவர்களோ என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேருந்து நிலையத்தருகே புளியமரத்தடியில், செருப்பும் கமலைக்குரிய தோற்பையும் தைக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். பந்தை அவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் தையல் ஒன்றைப் பிரித்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க காசு கொடுத்தது தோலுக்கு இல்லை, பாலிஷுக்கு" என்றார். மாட்டின் முதுகுத் தோல் இறுக்கமானது, இழுத்தாலும் நீளாது. வயிற்றுத் தோல் தளர்ந்தது, இழுத்த பக்கமெல்லாம் வரும். எங்கள் பந்து வயிற்றுத் தோலால் ஆனது. நூலுக்கு மெழுகு ஏற்றப்படவில்லை. ஆகவே தையல் வழியாகவே நீர் உள்ளே இறங்கிவிட்டது. தோலுக்கு உட்புறம் துணி வைத்து ஒட்டியிருந்தால் அது தோலை நீளவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கும், துணியும் இல்லை. இம்மூன்றையும் சொல்லிவிட்டு அவர் தையலை மெழுகு நூலால் மீண்டும் போட்டுக் கொடுத்தார். முட்டையைப் பந்தாக்கத் தம்மால் முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

தோல், தையல், உட்பொருள் என்ற அந்த மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் பின்னாளில் பந்தின் வரலாற்றை நான் படிக்க நேர்ந்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

உட்பொருளிலிருந்தே தொடங்குவோம். இன்று எஞ்சியிருக்கும் கால்பந்துகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது ஸ்காட்லாந்து நாட்டின் ஸ்டர்லிங் கோட்டையில் கிடைத்தது. அரண்மனை அறையொன்றின் கூரைச் சட்டங்களுக்கிடையே அகப்பட்டுக் கிடந்த அப்பந்து ஏறத்தாழ 1540-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது என்கிறார்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதிப் பெருக்கி, மேலே தோலைத் தைத்திருக்கிறார்கள். இன்றைய பந்தின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதன் அளவு. உள்ளே பை, வெளியே தோல், இரண்டையும் சேர்க்கும் தையல் என்ற அமைப்பு அன்றே வந்துவிட்டது. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அதில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை.

இந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. விலங்கின் பை எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில்தான் பந்தும் இருக்கும். ஒன்று நீண்டிருக்கும், ஒன்று ஒரு பக்கம் புடைத்திருக்கும். வாங்குபவன் நல்லதைத் தேர்ந்தெடுக்க முயன்றாலும் நல்லது என்று ஒன்று கடையில் இருந்தால் அல்லவா! அதைவிடக் கொடியது அப்பையை ஊதும் வேலை. இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரில், புகழ்பெற்ற பள்ளியின் அருகே, ரிச்சர்டு லிண்டன் என்ற காலணித் தொழிலாளி பள்ளி மாணவர்களுக்குப் பந்து செய்து கொடுத்துவந்தார். பைகளை வாயால் ஊதும் பணி அவர் மனைவியுடையது. நோயுற்ற விலங்குகளின் பைகளும் அவற்றுள் இருந்திருக்கும். அவ்வேலையால் வந்த நுரையீரல் நோயே அவ்வம்மையாரின் உயிரைக் குடித்தது என்று அக்குடும்ப வரலாறு கூறுகிறது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1844-இல், அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கும் ரப்பர் அதனால் கிடைத்தது. லிண்டன் 1862-ஆம் ஆண்டை ஒட்டி விலங்கின் பையை நீக்கிவிட்டு ரப்பர்ப் பையை உள்ளே வைத்தார். ரப்பர்ப் பை வாயால் ஊத முடியாத அளவுக்குக் கடினமாயிருந்தது. ஆகவே காது கழுவும் மருத்துவக் குழலைப் பார்த்து அதைப் போலவே பித்தளையில் பெரியதொரு காற்றுப் பம்பு செய்துகொண்டார். தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. இன்று உங்கள் பள்ளியில் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுக்கும்போது, அதன் பின்னே ஒரு வீட்டின் துயரம் இருக்கிறது என்பதை நான் நினைத்துக்கொள்வது உண்டு.

ரப்பர்ப் பை வந்ததும் பந்து உண்மையிலேயே உருண்டையாயிற்று. உருண்டையானதும் அதை அளக்க முடிந்தது. 1863-இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் அமைந்தபோது வகுத்த முதல் விதிகளில் பந்தின் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1872-இல்தான் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம் என்று விதித்தார்கள். எடையை 1937-இல் 14 முதல் 16 அவுன்சு என உயர்த்தினார்கள். இன்றைய கணக்கில் பெரியவர் ஆடும் 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எடை 410 முதல் 450 கிராம். பார்த்தீர்களா, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகச் சுற்றளவு மாறவே இல்லை! விதியிலே எண் எழுதப்பட்ட நாளிலிருந்து, வாங்குபவன் கையில் ஒரு நூலும் தராசும் இருந்தால் போதும் என்ற நிலை வந்துவிட்டது. 1964-இல் எனக்கு இது தெரியாது. கணக்கில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு.

அளவு ஒன்றாக இருந்தாலும் பந்துகள் ஒன்றாக இருந்துவிடவில்லை. 1930-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள், தென் அமெரிக்காவில் மான்டிவீடியோ நகரில் முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். உருகுவேயும் அர்ஜென்டினாவும் எதிர்நின்றன. எங்கள் நாட்டுப் பந்தில்தான் ஆட வேண்டும் என்று இரு தரப்பாரும் பிடிவாதம் செய்தார்கள். முடிவில், முதற்பாதியை அர்ஜென்டினாவின் பந்திலும் இரண்டாம் பாதியை உருகுவேயின் பந்திலும் ஆடுவது என ஏற்பாடாயிற்று. இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 என முன்னே நின்றது. பந்து மாறியது, உருகுவே மேலும் மூன்று முறை பந்தைக் கம்பங்களுக்குள் செலுத்தி 4-2 என வென்றது. வெற்றிக்குப் பந்து ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; உருகுவே அந்நாளில் பெருங்குழு. ஆயினும், பழகிய பந்தும் பழகாத பந்தும் ஆட்டக்காரனுக்கு ஒன்றாகா என்பதை உலகமே அன்று பார்த்தது.

என் தோழனின் புருவத்தைக் கிழித்த தோல்வார், நாங்கள் ஆடிய காலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேண்டாததாகிவிட்டது என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சினம் வந்தது. அர்ஜென்டினாவில் பெல் வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த தொசோலினி, வால்போனேசி, போலோ ஆகிய மூவர், 1931-ஆம் ஆண்டளவில், பைக்குள்ளேயே அடைப்பிதழ் வைத்து, ஊசி வழியாகக் காற்றடிக்கும் பந்தைச் செய்துவிட்டார்கள். வாயைத் திறந்து வார் கட்ட வேண்டிய தேவையே அதில் இல்லை. நல்ல பொருள் ஓரிடத்தில் தோன்றுவதற்கும் அது ஏழை மாணவனின் கைக்கு எட்டுவதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள்!

அடுத்தது நீர். விதி கூறும் எடை, ஆட்டம் தொடங்கும் நேரத்து எடை. மழையில் தோற்பந்து எவ்வளவு கனத்தாலும் விதிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலை தலைக்குத்தான். இங்கிலாந்து நாட்டுக்காகவும் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் குழுவுக்காகவும் ஆடிய ஜெஃப் ஆசில் என்பவர் தலையால் முட்டி ஆடுவதில் வல்லவர். அவர் 2002-இல் தம் 59-ஆம் வயதில் நினைவாற்றல் அழிந்த நிலையில் இறந்தார். இறப்பை ஆராய்ந்த அதிகாரி, கனத்த தோற்பந்தைப் பலகாலம் தலையால் முட்டியதே காரணமென்று கருதி, அதனைத் தொழில்வழி நோய் எனத் தீர்ப்பளித்தார். இன்றைய பந்தும் உலர்ந்த நிலையில் அந்நாளைய பந்தைவிட எடை குறைந்தது அன்று. நீரைக் குடிப்பதில்லை என்பதே வேறுபாடு. ஆகையால், பந்தைத் தலையால் முட்டுவதில் இன்று ஆபத்தே இல்லை என்று நான் சொன்னதாக எவரும் கொள்ள வேண்டா.

இனி, நான் மிகவும் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. 1958-இல் ஸ்வீடன் நாட்டில் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடைபெற இருந்தன. பந்து செய்வோர் அனைவரும் தத்தம் பந்தை அனுப்பலாம் என்று ஃபிஃபா என்னும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. 102 பந்துகள் வந்தன. எந்தப் பந்திலும் செய்தவர் பெயரோ அடையாளமோ இருக்கக்கூடாது. தேர்ந்தெடுப்பவர்கள் முன்னே பெயரில்லாத பந்துகள் வரிசையாக நின்றன. அவற்றைச் சோதித்து ஒன்றை எடுத்தார்கள். அதன் பின்னரே அது ஸ்வீடனில் ஏங்கல்ஹோல்ம் என்ற ஊரில் செய்த பந்து எனத் தெரிந்தது. அந்தப் பந்தில்தான் பதினேழு வயதுப் பெலே உலகுக்கு அறிமுகமானார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் சிலி நாட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? முதல் ஆட்டத்துக்கு அளித்த உள்நாட்டுப் பந்து நடுவர் கென் ஆஸ்டனுக்கு மனநிறைவு தரவில்லை. ஐரோப்பியப் பந்து ஒன்றை வரவழைத்தார்; அது இரண்டாம் பாதியில்தான் வந்து சேர்ந்தது. பந்தின் பெயரைக் காணாமல் பந்தை மட்டும் பார்க்கும் அந்த 1958-ஆம் ஆண்டு முறையைக் கடைத்தெருவிலும் கையாள முடியாதா என்று நான் எண்ணியதுண்டு. முடியும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அக்காலத்துப் பந்துகள் நீண்ட தோற்பட்டைகளைச் சேர்த்துத் தைத்தவை; பதினெட்டுப் பட்டைகள் கொண்டது பெருவழக்கு. டென்மார்க் நாட்டின் இலக்குக் காவலராயிருந்த ஐகில் நீல்சன் 1962-இல் முப்பத்திரண்டு துண்டுகள் கொண்ட பந்தைச் செய்தார். 1970-இல் மெக்சிகோ நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் டெல்ஸ்டார் என்ற பெயரில், கறுப்பும் வெள்ளையுமாக அவ்வடிவம் உலகெங்கும் பரவிற்று. வண்ணமில்லாத தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரிவதற்காகவே கறுப்பையும் வெள்ளையையும் கலந்தார்கள்.

கணிதம் படிப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஐங்கோணங்கள் 12, அறுகோணங்கள் 20. அவற்றின் பக்கங்களைக் கூட்டினால் 180. ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கங்கள் சேர்வதால் தையல் விளிம்புகள் 90. ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் பதின்மூன்று திண்ம வடிவங்களுள் இதன் மூல உருவமும் ஒன்று. 1985-இல் கண்டறியப்பட்ட அறுபது கரி அணுக்களைக் கொண்ட மூலக்கூறும் இவ்வடிவத்ததே என்பதை வேதியியல் மாணவர்கள் அறிவார்கள்.

அந்தத் தொண்ணூறு விளிம்புகளையும் ஒரு மனிதர் கையால் தைக்க வேண்டும். விளிம்புக்கு ஏழு தையல் என்று வைத்துக்கொண்டாலும் அறுநூற்று முப்பது ஆகிறது. தைப்பவர் மரப் பிடிப்பான் ஒன்றை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, இரண்டு துண்டுகளை அதில் பற்றவைத்து, ஒரே நூலின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு ஊசிகளை எதிரெதிராகச் செலுத்தி இழுப்பார். பந்தை உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்துக்கொண்டே போய், பாதிக்குமேல் முடிந்ததும் திருப்பிப் போடுவார். உள்ளே பை இருக்க, எஞ்சிய கடைசித் தையல்களை வெளியிலிருந்தே, முடிச்சு கண்ணுக்குத் தெரியாதபடி, மூட வேண்டும். இதுவே மிகக் கடினமான வேலை. ஒரு பந்தின் தரத்தை அறிய விரும்புவோர் அந்தக் கடைசித் தையலைத் தேடிப் பார்க்கலாம். அது எங்கே இருக்கிறது என்று உங்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியாவிட்டால், தைத்தவர் கைதேர்ந்தவர்.

அந்தக் கைதேர்ந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கையால் தைக்கும் பந்துகளில் பெரும்பகுதி இன்றைய பாகிஸ்தானிலுள்ள சியால்கோட் நகரத்தில் உருவாகிறது. வெள்ளைக்காரப் படைவீரர் ஒருவரின் கிழிந்த பந்தைத் தைத்துக் கொடுத்த தோல் தொழிலாளி ஒருவர் அதைப் பார்த்துத் தாமே ஒன்று செய்தார். அங்கிருந்து தொழில் வளர்ந்தது என்பது அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை எவ்வாறாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மட்டைகளும் பந்துகளும் செய்யும் ஊராக அது பெயர் பெற்றிருந்தது. 1947-இல் நாடு பிரிந்தது. சியால்கோட்டில் இத்தொழிலை நடத்திய இந்துக்களும் சீக்கியர்களும் எல்லை கடந்து பஞ்சாபின் ஜலந்தர் நகரத்திலும், சிலர் மீரட்டிலும் குடியேறினார்கள். வீடும் பட்டறையும் அங்கேயே நின்றுவிட்டன. கைத்திறன் மட்டும் உடன் வந்தது. இன்று நம் கடைகளில் ஜலந்தர் என்று அச்சிட்ட பந்தையும், அயல்நாட்டுக் கடைகளில் சியால்கோட்டிலிருந்து வந்த பந்தையும் அருகருகே வைத்துத் தையலைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது விளங்கும்.

இந்த இடத்தில்தான் நியாய விலை என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருள் ஒன்று எனக்குத் தோன்றிற்று. 1964-இல் நான் நினைத்த நியாயம், வாங்குபவன் ஏமாறக்கூடாது என்பது மட்டுமே. 1996-இல் அமெரிக்க இதழ் ஒன்று, சியால்கோட் பகுதியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் உட்கார்ந்து பந்து தைக்கும் படத்தை வெளியிட்டது. உலகமே திடுக்கிட்டது. ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே முழுநேரமும் பந்து தைத்தார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் ஆய்வு அப்போது மதிப்பிட்டது. பந்து தைக்கும் பிள்ளைக்கு அதை உதைத்து ஆட நேரமில்லை.

1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சியால்கோட் வணிகர் சங்கமும், பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும், யூனிசெஃப் அமைப்பும் அதில் கையெழுத்திட்டன. அதுவரை தையல் வேலை சிற்றூர் வீடுகளுக்குள் நடந்துவந்தது. வீட்டுக்குள் யார் தைக்கிறார்கள் என்பதை யார் பார்ப்பது? ஆகவே வேலையைப் பொதுவான தையல் நிலையங்களுக்கு மாற்றி, கண்காணிப்பாளர்கள் வந்து பார்க்கும்படி செய்தார்கள். பெருவாரியான பிள்ளைகள் அவ்வேலையிலிருந்து விடுபட்டார்கள். ஆனால், வீட்டைவிட்டு வெளியே போய் வேலை செய்ய வழக்கம் இடங்கொடாத பெண்கள் பலர், தம் கைவருமானத்தை இழந்தார்கள். ஒரு குறையை நீக்கப் போனபோது மற்றொரு குறை முளைத்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. ஜலந்தரிலும் இத்தகைய கண்காணிப்பு முயற்சிகள் பின்னர்த் தொடங்கின.

எனவே, மிகமிகக் குறைந்த விலைக்குப் பந்து கிடைக்கிறது என்றால், எங்கே குறைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவேண்டும். பொருளில் குறைத்தார்களா, தைத்தவர் கூலியில் குறைத்தார்களா? மிகுந்த விலையும் நல்ல விலை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பெயர் பொறித்த பந்தின் விலையில் விளம்பரத்துக்கு ஒரு பங்கு, புகழ்பெற்ற ஆட்டக்காரரின் படத்துக்கு ஒரு பங்கு. பெயரும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2010-இல் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்கென்று எட்டே துண்டுகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்த ஜபுலானிப் பந்து, காற்றில் எதிர்பாராமல் விலகுகிறது என்று உலகின் தலைசிறந்த இலக்குக் காவலர்களே குறைகூறினார்கள். அடுத்து 2014-இல் பிரேசில் நாட்டில் ஆடிய ஆறு துண்டுப் பந்துக்கு அந்தப் பழி வரவில்லை. அப்பந்துகளைச் செய்த ஊர்களுள் சியால்கோட்டும் ஒன்று.

சரி, கடைக்குள் போவோம். 1996 முதல் ஃபிஃபா பந்துகளைச் சோதித்து முத்திரை வழங்குகிறது. 'குவாலிட்டி ப்ரோ' என்பது உயர்தர முத்திரை. 'குவாலிட்டி' என்பது அடுத்தது. முத்திரை பெறப் பந்து படும் பாட்டைக் கேளுங்கள். இரும்புத் தகட்டின்மேல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 2,000 முறை எறிகிறார்கள். வடிவம் கெடக்கூடாது, தையல் விடக்கூடாது. நீரில் வைத்து 250 முறை அமுக்குகிறார்கள். எடை பத்து விழுக்காட்டுக்குமேல் கூடக்கூடாது. இந்தச் சோதனையை 1964-இல் என் பந்துக்கு ஐப்பசி மழையே செய்து காட்டிவிட்டது. மற்றும் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார்கள். உயர்தரப் பந்து 135 முதல் 155 சென்டிமீட்டர் வரை எழவேண்டும். காற்றடித்து 72 மணி நேரம் வைத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் காற்று குறையக்கூடாது.

பள்ளிக் குழுவுக்கு முத்திரைப் பந்து கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு அது எட்டாத விலை. சோதனைகளை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். நன்கு காற்றடித்த பந்தை நூலால் இரண்டு மூன்று திசைகளில் சுற்றி அளந்து பாருங்கள். எல்லாத் திசையிலும் ஒரே அளவு வருகிறதா என்பது, அளவு எவ்வளவு என்பதைவிட முதன்மையானது. சமதரையில் உருட்டுங்கள், தள்ளாடினால் விட்டுவிடுங்கள். பந்தை மேலே சுழற்றி எறிந்து பிடித்தால் ஒருபக்கக் கனம் இருப்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு கட்டைவிரல்களாலும் ஒரு தையலை அகற்றிப் பாருங்கள். நூல் வெளியே தலைகாட்டினால் தையல் தளர்ந்தது என்று பொருள்.

உள்ளே இருக்கும் பை பியூட்டைல் ரப்பரா, லேட்டெக்ஸா என்று கேளுங்கள். லேட்டெக்ஸ் காலுக்கு மென்மையாக இருக்கும், ஆனால் காற்றை விரைவில் விட்டுவிடும். அடிக்கடி காற்றடிக்க ஆளில்லாத பள்ளிக்குப் பியூட்டைலே ஏற்றது. மேலுறை பாலியூரித்தேனா, பி.வி.சி.யா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். முன்னது மென்மை, பின்னது உரசலைத் தாங்கும், விலையும் குறைவு. நம் ஊர்த் திடல்கள் பெரும்பாலும் சரளை மண். புல்தரைக்கென்று செய்த மெல்லிய பந்து அதில் ஒரு பருவங்கூட நிற்காது. வார்ப்பு ரப்பர்ப் பந்தை இழிவாக எண்ண வேண்டியதில்லை; சரளையில் பயிற்சிக்கு அதுவே நீண்டநாள் உழைக்கும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 5-ஆம் எண் பந்தைக் கொடுத்துக் காலைக் கெடுக்காதீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4-ஆம் எண் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளி மாணவியர் குழு ஒன்று, பந்து வாங்கப் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டு சென்றது. பணத்தை வைத்திருந்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. கணக்கு நன்றாக வருமாம். நான் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து ஓர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பந்துகளின் மேலிருந்த பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். ஒன்றின் விலை மற்றொன்றின் விலையில் ஏறக்குறைய இருமடங்கு. கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தாமே உள்ளே போய்த் தராசு கொண்டுவந்தார். இரண்டுக்கும் ஒரே அளவாகக் காற்றடித்து, மூன்று நாள் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது, விலை மிகுந்தது சற்று இளகியிருந்தது. மற்றது அப்படியே நின்றது. அதை உருட்டினார்கள், நூலால் சுற்றினார்கள், கடைசித் தையலைத் தேடினார்கள், அகப்படவில்லை.

காகிதத்தைப் பிரித்தார்கள். பெட்டியில் ஜலந்தர் என்று இருந்தது.

பணம் கொடுத்து ரசீது வாங்கும்போது அந்தப் பெண், "ஐயா, இதைத் தைத்தவர் யார்?" என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்த நிறுவனத்தின் பெயர் இருந்தது, எடை இருந்தது, விலை இருந்தது. தைத்தவர் பெயர் எங்கும் இல்லை. "தெரியவில்லையே, அம்மா" என்றார். அவள் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பந்தை வலையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் பேருந்துக்குப் புறப்பட்டார்கள்.